ஏரிக்கரையில் பொழுது கிளம்புவதைப் பார்க்க: கடலூர், பாகூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாண்டிச்சேரிக்கு வருகிற சொந்தக்காரர்கள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “காலையில சூரிய உதயம் பார்க்க பீச்சுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” நான் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. கடலில் சூரியன் எழுவது அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஏரிக்கரையில் நின்றால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது.

இதைச் சொல்வது நான் மட்டுமல்ல. பழந்தமிழ் இலக்கணத்தார் வைகறையையும் விடியலையும் வயல் சார்ந்த மருதத்துக்குத்தான் எழுதி வைத்தார்கள். கடல் சார்ந்த நெய்தலுக்குக் கிடைத்தது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். கடல் கிழக்கே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது இடித்திருக்க வேண்டும். எற்பாடு என்றாலே உதயம்தான் என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும். வயல் பக்கம் போய் விடியலைப் பார்ப்பது எப்படி என்று மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்த மாதம், எத்தனை மணி

கடலூர், புதுச்சேரி பகுதிக்குச் சூரியன் கிளம்பும் நேரம் ஆண்டு முழுக்க முக்கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக முன்பின் நகரும். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சுமார் 5.45க்கே வந்துவிடும். சித்திரை முதல் நாளில் ஏறக்குறைய 6 மணி. செப்டம்பர் 23 வாக்கிலும் 6 மணிதான். மார்ச் 20 வாக்கில் 6.15. டிசம்பர் 21 அன்று 6.26.

இதில் ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. டிசம்பர் 21 அல்லது 22 தான் ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல். அதற்குப் பிறகு சூரியன் சீக்கிரம் வர ஆரம்பிக்கும் என்று நினைப்போம். வராது. பொங்கலன்று 6.35 ஆகிவிடும், ஜனவரி கடைசி வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு, பிறகுதான் மெதுவாகப் பின்வாங்கும். பகல் நீள்கிறது, ஆனால் நீள்வதெல்லாம் சாயங்காலப் பக்கம் போய்ச் சேர்கிறது. பூமியின் சாய்வும், அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து, சூரியனின் உச்சிவேளையைக் கடிகாரத்தில் தள்ளிப்போடுவதால் வரும் கூத்து இது. சோம்பேறிகளுக்கு என் யோசனை: தை மாதம் போங்கள். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்கூட சூரியனைப் பிடித்துவிடலாம். சூரியனை மட்டும்தான், அதற்கு முந்தியது எல்லாம் போய்விடும்.

மற்றபடி, மாசி முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் சுத்தம். ஐப்பசி, கார்த்திகை நம் பக்கத்து மழைக்காலம். பத்து நாள் போனால் மூன்று நாள் தேறும், ஆனால் அந்த மூன்றும் மறக்காது. துளி மேகம் இல்லாத வானத்தில் நிறம் அதிகம் வராது. உயரத்தில் பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல் மெல்லிய மேகம் இருக்க வேண்டும். அடியிலிருந்து வெளிச்சம் பட்டு அதுதான் சிவக்கும். மார்கழி, தை இரண்டிலும் பனி. காற்றில்லாத, மேகமில்லாத ராத்திரி கழிந்தால் விடியும்போது வயல் மேல் பனிமூட்டம் இடுப்பளவுக்குப் படுத்திருக்கும். போகிப் பண்டிகையன்று மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு இருப்பது பனியல்ல, டயர் புகை.

எந்த மரத்துக்கு நேரே

சூரியன் நேர் கிழக்கில் கிளம்புவது ஆண்டுக்கு இரண்டு முறைதான், மார்ச்சிலும் செப்டம்பரிலும். ஜூன் கடைசி வாக்கில் நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளி வரும். டிசம்பர் கடைசியில் தெற்கே அதே அளவு. கையை முழுசாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஆக, இரண்டரை முஷ்டி வடக்கே, இரண்டரை முஷ்டி தெற்கே. இது சின்ன விஷயமில்லை. ஆனி மாதம் கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் சூரியனைப் பார்த்துவிட்டு, தை மாதம் அதே இடத்தில் போய் நின்றால் அது எங்கோ செங்கல் சூளைக்கு மேலே கிளம்பிக்கொண்டிருக்கும்.

மரங்களையும் கணக்கில் வையுங்கள். நீட்டிய கையில் ஒரு விரல் அகலம் கிட்டத்தட்ட 2 டிகிரி. சூரியன் அதைக் கடக்க 8 நிமிடம் ஆகும். அடிவானத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தோப்பு இருந்தால், பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்கு 8 நிமிடம் கழித்துத்தான் உங்களுக்கு உதயம். நம் பக்கத்தில் பெரிய எதிரி சவுக்கு. நாலைந்து வருஷத்தில் வெட்டிவிடுவார்கள், மறுபடி நடுவார்கள். அதனால் போன வருஷம் திறந்திருந்த கிழக்கு இந்த வருஷம் அடைத்திருக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது முந்திரியும் பலாவும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. அந்தப் பொங்கலுக்கு எங்கள் கிழக்கு வானம் முழுக்கத் திறந்து கிடந்தது. பார்க்கத்தான் மனசு வரவில்லை.

ஏரியின் எந்தப் பக்கம் நிற்பது

முதல் தடவை நான் பண்ணிய தப்பு இங்கேதான். ஏரித் தண்ணீர் மேல் சூரியன் வரும், தண்ணீரில் பொன் ஓடும் என்று கற்பனை பண்ணிக்கொண்டு பாகூர் ஏரிக்கரை மேல் ஏறி நின்றேன். கிழக்கே பார்த்தால் கழனி. தண்ணீர் முதுகுக்குப் பின்னால். மடை திறக்க வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்னா தம்பி, எதுனா தொலைச்சுட்டியா?”

“இல்லீங்க, தண்ணி மேல பொழுது கிளம்புறதைப் பார்க்கலாம்னு...”

“கரை மேல நின்னா எப்படிப்பா? கரை கிழக்கால இல்ல இருக்குது! நீ ஏரி உள்வாய்க்குப் போவணும். அந்தாண்ட பக்கம்.”

யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான் விஷயம். நம் மாவட்டத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. வருகிற தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் சரிவின் கீழ்ப்பக்கம், அதாவது கிழக்கே கரை போட வேண்டும். அதற்கும் கிழக்கே தாழ்வில் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீரில் விளைகிற வயல். பாகூர் ஏரி மட்டுமல்ல, ஊசுட்டேரி, வீராணம் என்று பெரிய ஏரிகளில் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான். கரையில் நிற்பவனுக்குக் கிழக்கே வயல், மேற்கே தண்ணீர்.

அப்படியானால் இரண்டு வழி. தண்ணீர் மேல் சூரியன்தான் வேண்டும் என்றால் மேற்கே சுற்றிக்கொண்டு உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேரும் பக்கம் போக வேண்டும். அங்கே பாதை சரியாக இருக்காது, முள்ளும் சேறும் இருக்கும், ஏரி நிறைந்திருக்கும்போது ஓரத்துக்கே போக முடியாது. மாசிக்கு மேல் தண்ணீர் இறங்கிய பிறகு, ஊர்க்காரர் ஒருவர் துணையோடு போகலாம். இல்லையா, கரை மேலேயே நில்லுங்கள். நான் இப்போது கரைக்குத்தான் போகிறேன். ஏன் என்று கீழே வருகிறது.

பாகூருக்குப் போக, கடலூர் – புதுச்சேரி சாலையில் கன்னியக்கோவிலில் மேற்கே திரும்ப வேண்டும். புதுச்சேரி பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்று இரண்டு நாட்டியக்காரப் பெண்கள் வெட்டிக் கொடுத்த வாய்க்கால்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். சோழர் காலத்து மூலநாதர் கோயிலும் ஊருக்குள்ளேயே இருப்பதால், திரும்பும்போது ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறவை பார்க்க ஆசை இருந்தால் ஊசுட்டேரி. சரணாலயம் என்பதால் அங்கே போட்டிருக்கும் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்ளுங்கள். உயரத்திலிருந்து பார்க்க, கடலூருக்குப் பக்கத்தில் செம்மண் மேடான கேப்பர் மலை. மலை என்று பெயர்தான், வண்டியிலேயே ஏறிவிடலாம். ஆறு பிடித்தவர்களுக்குத் தென்பெண்ணைக் கரை. ஆறு கிழக்கே கடலுக்குப் போவதால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் தண்ணீரின் போக்கிலேயே சூரியன் கிளம்பும். பாலத்தின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், அந்த நேரத்தில் லாரிகள் பறக்கும். தெற்கே போகிறவர்களுக்கு வீராணம் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டியது; கிழக்குக் கரை மேலேயே சாலை போவதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். கடலூரிலிருந்து தூரம் அதிகம், மூன்று மணிக்கே எழுந்திருக்க வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கம் வேண்டாம் என்பேன். கரும்பு உயர்ந்துவிட்டால் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது.

முதல் நாள் சாயங்காலம்

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கே வண்டியை விடுவது, கரை மேல் ஏற வழி எது, மதகு எங்கே, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலங்கல் எங்கே என்று கண்ணால் பார்த்திருந்தால் இருட்டில் தடுமாற மாட்டீர்கள். கழனியில் இறங்கும் எண்ணம் இருந்தால் அந்த வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்காமல் இறங்கியவனைத் திட்டிப் பார்த்திருக்கிறேன். வரப்பு புதிதாக வெட்டி அணைத்திருந்தது, இவன் ஷூவோடு ஏறிவிட்டான்.

எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். டார்ச், தண்ணீர், கொசுவுக்கு ஓடோமாஸ், உட்கார ஒரு காலி உரச் சாக்கு. கரையின் புல் முழுக்க ஈரமாக இருக்கும், துணி விரித்தால் ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடும். உரச் சாக்கு நனையாது. மார்கழி, தை என்றால் மங்கி குல்லா. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கருக்கலில் போவது

உதயத்துக்கு 50 நிமிடம் முன்னால் கரையில் இருக்க வேண்டும். இரண்டு சக்கர வண்டிதான் வசதி; அந்த நேரத்துப் பேருந்தை நம்பி இதற்குக் கிளம்ப முடியாது. ஊருக்குள் நுழையும்போது ஹாரன் அடிக்காதீர்கள், நாய்கள் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

செருப்பு போதாது, ஷூ போடுங்கள். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வரும். பாம்பு விஷயமும் உண்டு. கண்ணாடி விரியன் நடமாடுவது ராத்திரியில்தான், புல்லில் சுருண்டு கிடந்தால் தெரியாது. காலடிக்கு டார்ச் அடித்து, அழுத்தி மிதித்து நடங்கள். கையில் ஒரு கழி இருந்தால் புல்லைத் தட்டிக்கொண்டே போகலாம். ஆள்காட்டிக் குருவி உங்களைப் பார்த்ததும் ஊரையே கூட்டும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையில் ஏரிக்கரைக்கு வருகிற எல்லோரும் சூரியனைப் பார்க்க வருவதில்லை. இன்னமும் ஒதுங்குவதற்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், பெண்களும்தான். டார்ச்சைத் தரையைத் தவிர வேறெங்கும் அடிக்காதீர்கள், கேமராவை அந்த நேரத்தில் வெளியே எடுக்காதீர்கள். புதர் ஓரமாக இல்லாமல் மதகுப் பக்கமாகத் திறந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை.

எதை, எப்போது பார்ப்பது

தை மாதத்தை வைத்துச் சொல்கிறேன், உதயம் 6.35 என்று.

5.45. டார்ச்சை அணைத்துவிடுங்கள். நட்சத்திரங்கள் இன்னும் இருக்கும். கிழக்கே அடியில் மட்டும் சாம்பல் பூசினதுபோல் ஒரு வெளுப்பு. விடிவெள்ளி இருந்தால் இப்போதுதான் அதற்கு அழகு. அது எப்போதும் இருக்காது. வெள்ளிக் கோள் ஒன்பது மாதம்போல் விடியலில் தெரிந்துவிட்டு, மறைந்து, பிறகு சாயங்காலப் பக்கம் போய்விடும். காதையும் திறந்து வையுங்கள். கரிச்சான் உங்களுக்கும் முன்னாலேயே ஆரம்பித்திருக்கும். அப்புறம் எங்கோ ஒரு சேவல், செம்போத்தின் அடித்தொண்டைக் குரல், கோயில் மைக், கேன்களைக் கட்டிக்கொண்டு பால்காரர் வண்டி.

6.10. முகம் தெரிகிற வெளிச்சம். உயரத்தில் மேகம் இருந்தால் இந்தப் பதினைந்து நிமிடம்தான் நிறத்துக்கு உச்சம். சூரியன் வந்த பிறகு வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். கொக்குகள் அடைந்த மரத்தை விட்டுக் கிளம்பி, கழனிப் பக்கம் தாழப் பறந்து போகும்.

6.20. இப்போது திரும்பி நில்லுங்கள். ஆமாம், சூரியனுக்கு முதுகைக் காட்டி, மேற்கே. கரையில் நிற்பதன் லாபம் இதுதான். தண்ணீருக்கு மேல் அடிவானத்தை ஒட்டி நீலமும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை, அதற்கு மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் இன்னொன்று. அந்த நீலப் பட்டை மேகமல்ல. பூமியின் நிழல், காற்று மண்டலத்தின் மேல் விழுந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருங்கள், கீழே இறங்கி இறங்கி, சூரியன் வரும் நேரத்தில் ஏரிக்குள் போய்விடும். தண்ணீர் அசையாமல் இருந்தால் இரண்டு பட்டையும் தலைகீழாக ஏரியிலும் கிடக்கும். கடற்கரையில் நிற்பவனுக்கு மேற்கே ஹோட்டல் சுவர்தான்.

6.35. மறுபடி கிழக்கே. கடலுக்கு மேல் தாழ்ந்த மேகம் நிற்பது நம் பக்கத்தில் சகஜம், அதனால் ஐந்து பத்து நிமிடம் தாமதமானால் எழுந்து போய்விடாதீர்கள். விளிம்பு தெரிந்ததிலிருந்து முழுத் தட்டும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கொஞ்சம் நசுங்கிய முட்டை மாதிரி தெரிந்தால் கண் கோளாறு இல்லை, காற்று ஒளியை வளைக்கிறது. அந்த வளைவினால்தான், அடிவானத்தைத் தொட்டபடி சூரியன் தெரிகிற அந்தக் கணத்தில் உண்மையான சூரியன் இன்னும் கீழேதான் இருக்கிறது. பனிமூட்டம் இருந்தால் வெள்ளித் தட்டுபோல் வரும். எப்படி வந்தாலும் முறைத்துப் பார்க்காதீர்கள். கண் கூசவில்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. பைனாகுலரை உறையிலேயே வையுங்கள், அதைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

வந்த பிறகுதான்

முக்கால்வாசிப் பேர் இப்போது வண்டியை எடுத்துவிடுவார்கள். நீங்கள் கரையிலிருந்து இறங்கி, கேட்டு வைத்த கழனி வரப்புக்குப் போங்கள். சம்பா முற்றித் தலை சாய்ந்திருக்கும். ஒரு கதிரைக் கிட்டே குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் ஒரு துளி, துளிக்குள் தலைகீழாக ஒரு வயல், ஒரு வானம். வரப்பு ஓரத்தில் சிலந்தி வலைகள் பனி கோர்த்துத் தெரியும். நேற்றும் அவை அங்கேதான் இருந்தன, நாம்தான் மிதித்துக்கொண்டு போயிருப்போம்.

அப்புறம் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, பனி படிந்த பயிர் மேல் நீளமாக விழும் உங்கள் நிழலின் தலையைப் பாருங்கள். தலையைச் சுற்றி மட்டும் பயிர் வெளிச்சமாக இருக்கும், சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி. பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். உங்கள் தலையைச் சுற்றி ஒன்றும் இல்லை, என் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி. பனித்துளி ஒவ்வொன்றும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அது அவரவர் கண்ணுக்குத்தான் வந்து சேரும். நான் கூட்டிப்போன குழந்தைகளுக்குச் சூரியனைவிட இதுதான் பிடித்தது. பனி காய்வதற்குள், அதாவது ஏழேகாலுக்குள் பார்த்துவிட வேண்டும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: போனில் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள், நிறம் நிற்கும். நாலு படம் போதும்.

நாள் பார்க்க முடிந்தால்

பௌர்ணமி ராத்திரி கழிந்து விடியும் காலையைத் தேர்ந்தெடுங்கள். மேற்கே ஏரிக்கு மேல் நிலா இறங்கிக்கொண்டிருக்கும், கிழக்கே கழனிக்கு மேல் சூரியன் ஏறும். கரை மேல் நடுவில் நீங்கள். தைப்பூசத்தன்று விடியற்காலை வடலூர் ஜோதி தரிசனத்துக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான், நிலா ஒரு பக்கம், சூரியன் ஒரு பக்கம். இந்த ஒரு காலைக்காகவே நான் உள்வாய்ப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். மடை திறக்கும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “இது மாசா மாசம் நடக்குறதுதானே?” என்றார். ஆனாலும் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி கொஞ்ச நேரம் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழரைக்கு மேல் வெயில் சுட ஆரம்பித்துவிடும், கிளம்பலாம். வண்டியை எடுப்பதற்கு முன் ஷூவின் அடியையும் இரண்டு டயரையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கருவேல முள் குத்தியிருந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். காற்று முழுக்க இறங்கிவிடும். அப்படியே மெதுவாக ஓட்டி, பங்க்சர் கடை வரைக்கும் போய்விடலாம். கடை திறக்க எட்டரை ஆகும். பக்கத்து டீக்கடையில் அதற்குள் போண்டா போட்டிருப்பார்கள்.